வத்திராயிருப்புக்காரரும் 32 பழைய டிஷ்களும்

கே.எஸ். கிருஷ்ணன் என்ற பெயரைச் சொன்னால் நம்ம பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் உடனே ராமன் விளைவுக்குப் போய்விடுவார்கள். 1928-ல் கல்கத்தாவில் சி.வி. ராமனோடு சேர்ந்து அந்தப் பரிசோதனைகளைச் செய்தவர், நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது, அது நியாயமா இல்லையா என்று பேச்சு நீளும். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகப்போவதில்லை. அவர் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. அதில் அவர் பெயரில் எந்த விளைவும் இல்லை, விதியும் இல்லை. ஆனால் இந்தியாவில் ரேடியோ வானியல் என்று ஒரு துறை இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கிருஷ்ணன் பிறந்தது 1898 டிசம்பர் 4, வத்திராயிருப்பில். அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம், இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். பள்ளிப் படிப்பு ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, கல்கத்தா, டாக்கா, அலகாபாத் என்று போய், 1947-ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

1952-ல் சர்வதேச ரேடியோ அறிவியல் சங்கத்தின் மாநாடு சிட்னியில் நடந்தது. கிருஷ்ணன் போயிருந்தார். ஆஸ்திரேலியாக்காரர்கள் அங்கே வானத்தை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டெல்லி திரும்பியதும் ஆய்வகத்தில் அதைப் பற்றி ஒரு உரை நிகழ்த்தினார். கேட்டவர்களில் ஒருவர் 23 வயது கோவிந்த் ஸ்வரூப், அலகாபாத்தில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வந்தவர். கிருஷ்ணன் சொல்லி, இரண்டாம் உலகப்போரில் மிஞ்சிய ரேடார் பாகங்களை மாற்றியமைத்து ஒரு பரிசோதனைக் கருவியை ஏற்கெனவே கட்டி முடித்திருந்தவர். உரையைக் கேட்டுவிட்டு நேராக நூலகத்துக்குப் போய், சிட்னி குழுவின் கட்டுரைகளை எடுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதைக்கு அது எவ்வளவு மலிவான அறிவியல்

இதற்கு முந்தின 20 வருடக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் கிருஷ்ணன் என்ன கணக்குப் போட்டார் என்பது புரியும்.

வானத்திலிருந்து ரேடியோ அலை வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் வானியலாளரே அல்ல. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த கார்ல் ஜான்ஸ்கி என்ற இன்ஜினியர். கடல் கடந்து போகும் தொலைபேசி அழைப்புகளில் எங்கிருந்து இரைச்சல் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. ஃபோர்டு மாடல்-டி கார் சக்கரங்களின் மேல் ஒரு ஆன்டெனாவை ஏற்றி, சுற்றவிட்டு, பதிவுசெய்தார். இடி மின்னல் தவிர இன்னொரு மெல்லிய இரைச்சலும் இருந்தது. அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை உச்சத்துக்கு வரவில்லை, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. நட்சத்திரங்கள் ஒரு சுற்று சுற்றும் நேரம் அது. அப்படியானால் இரைச்சல் சூரியனிலிருந்தும் இல்லை, பூமியிலிருந்தும் இல்லை, பால்வீதியிலிருந்து வருகிறது. 1933-ல் அறிவித்தார்.

வானியலாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டவர் இன்னொரு இன்ஜினியர், குரோட் ரீபர். சிகாகோ பக்கத்தில் வீட்டன் என்ற ஊர். பகலில் ரேடியோ கம்பெனி வேலை. 1937-ல் சொந்தக் காசில், வீட்டுத் தோட்டத்தில், மரச்சட்டமும் தகடும் வைத்துச் சுமார் 9.5 மீட்டர் அகலத்துக்கு ஒரு டிஷ் கட்டினார். முதலில் 3300 மெகாஹெர்ட்ஸில் கேட்டார், ஒன்றும் இல்லை. 900-ல் கேட்டார், ஒன்றும் இல்லை. 160-க்கு இறங்கியதும் பால்வீதி கேட்டது. பகலில் கார்களின் ஸ்பார்க் பிளக் இரைச்சல் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும் என்பதால் நள்ளிரவுக்கு மேல் உட்கார்ந்து பதிவெடுத்தார். பல வருடங்களுக்கு உலகத்தில் ரேடியோ வானியலாளர் என்று சொல்லத்தக்கவர் ஏறக்குறைய இவர் ஒருவர்தான். அமெச்சூர்!

மூன்றாவது கதை நகரத்துக்கு நடுவில் நடந்தது. நடுநிலை ஹைட்ரஜன் அணு 1420 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 செ.மீ. அலைநீளத்தில் ஒரு மெல்லிய அலையை உமிழும் என்று டச்சு மாணவர் வான் டி ஹுல்ஸ்ட் 1944-ல் கணித்திருந்தார். ஹார்வர்டில் ஹரால்டு யூவன் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய பேராசிரியர் எட்வர்டு பர்செலும் அதைத் தேடினார்கள். கிடைத்த நிதி 500 டாலர். ஒட்டுப்பலகையில் ஒரு கூம்பு செய்து, உள்ளே செம்புத் தகடு ஒட்டி, ஆய்வகத்தின் ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். மழை பெய்தால் கூம்பு வழியாகத் தண்ணீர் ஆய்வகத்துக்குள் வரும். பனிக்காலத்தில் மாணவர்கள் அதற்குள் பனி உருண்டை எறிந்து குறி பார்ப்பார்கள். 1951 மார்ச் 25 இரவு ஹைட்ரஜன் கேட்டது. பிரபஞ்சத்தில் அதிகமாக இருக்கும் தனிமம் எங்கே எவ்வளவு இருக்கிறது, எந்த வேகத்தில் நகர்கிறது என்று அளக்க வழி பிறந்தது. அதுவும் கேம்பிரிட்ஜ் நகரத்து ஜன்னலில்.

சேதி சிட்னிக்குப் போனது. அங்கே கிறிஸ்டியன்சனும் ஹிண்ட்மனும் கைக்கு அகப்பட்ட பாகங்களை வைத்து அவசரமாக ஒரு ரிசீவரைக் கட்டி, சில மாதங்களில் அதே அலையைப் பிடித்து உறுதிசெய்தார்கள். இடம் பாட்ஸ் ஹில். சிட்னி நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் நீர்த்தேக்கம் அது. நம்ம கண்மாய்க் கரை மாதிரி அதன் கரை மேல்தான் ரேடியோ தொலைநோக்கிகள் நின்றன.

1952-ல் கிருஷ்ணன் சிட்னியில் பார்த்தது இப்படிப்பட்ட ஒரு துறையை. கோடிகள் கொட்டவேண்டிய துறை இல்லை. அணு உலை வேண்டாம், பெரிய கண்ணாடி வேண்டாம். கம்பி, தகடு, வால்வு, போரில் மிஞ்சிய ரேடார் சாமான், இவற்றோடு விஷயம் தெரிந்த நான்கு பேர் போதும். புதிதாகச் சுதந்திரம் வாங்கிய, அந்நியச் செலாவணி இல்லாத ஒரு நாடு முதல் வரிசையில் போய் நிற்கக்கூடிய இடம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

கரையோரம் 32 டிஷ்

கிருஷ்ணன் ஏற்பாட்டில், கொழும்புத் திட்ட உதவித்தொகையில், 1953 மார்ச்சில் இரண்டு பேர் சிட்னி போனார்கள். ஒருவர் ஸ்வரூப். இன்னொருவர் கொடைக்கானல் வானாய்வகத்திலிருந்து ஆர். பார்த்தசாரதி.

பாட்ஸ் ஹில் கரையில் கிறிஸ்டியன்சன் 32 சின்ன டிஷ்களை ஒரே வரிசையில் கட்டியிருந்தார். ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் அகலம், அதாவது ஆளுயரம். வரிசையின் மொத்த நீளம் 217 மீட்டர். இதற்குப் பின்னால் இருக்கும் யோசனை எளிமையானது. 1.8 மீட்டர் டிஷ் ஒன்றை மட்டும் வைத்து 21 செ.மீ. அலையில் பார்த்தால் வானத்தில் ஏழெட்டு டிகிரி அகலத்துக்கு எல்லாம் ஒரே திட்டாகத் தெரியும். சூரியனின் அகலமோ அரை டிகிரிதான். ஆனால் 32-ஐயும் கம்பியால் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், கிழக்கு மேற்காக அது 217 மீட்டர் டிஷ் மாதிரி கூர்மையாகப் பார்க்கும். சூரியனைப் பத்து கீற்றாக வெட்டிப் பார்க்கலாம். 217 மீட்டர் டிஷ்ஷை யாராலும் கட்ட முடியாது, 32 சின்ன டிஷ்களை ஒரு பட்டறையில் கட்டிவிடலாம்.

ஒவ்வொரு நாளும் சூரியன் நகர நகரக் கிடைக்கும் கீற்றுப் பதிவுகளைச் சேர்த்து முழுப் படமாக்குவதற்குக் கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்வரூப்பும் பார்த்தசாரதியும் மேசைக் கால்குலேட்டரில் மாதக்கணக்கில் ஃபூரியர் கணக்குப் போட்டார்கள். இன்றைக்கு என் லேப்டாப் அதை ஒரு நொடிக்குள் முடித்துவிடும். அடுத்த வருடம் இருவரும் அதே 32 டிஷ்களை 60 செ.மீ. அலைநீளத்துக்கு மாற்றியமைத்துச் சூரியனின் விளிம்பு எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று அளந்தார்கள்.

இதற்குள் கிறிஸ்டியன்சன் ஃப்ளூர்ஸ் என்ற இடத்தில் 64 டிஷ்களோடு சிலுவை வடிவில் புதிய அமைப்பைத் திட்டமிட்டுவிட்டார். பாட்ஸ் ஹில் டிஷ்கள் இனி வேண்டாம். பழைய இரும்புக்குப் போகவேண்டியதுதான். ஸ்வரூப் கேட்டார்: இதை இந்தியாவுக்குக் கொடுப்பீர்களா? சிட்னி குழுவின் தலைவர் பாசி சரி என்றார், நிறுவனமும் சம்மதித்தது. ஸ்வரூப் கிருஷ்ணனுக்கு எழுதினார். 1955 பிப்ரவரியில் பதில் வந்தது. கையில் இருக்கும் சொற்ப வசதியை வைத்துக்கொண்டும் ரேடியோ வானியலில் ஏதாவது செய்ய முடியும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான் என்பது அதன் சாரம்.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்தால் நன்றாக இருக்கும். வசதி இல்லாவிட்டால் என்ன, மனம் இருந்தால் மார்க்கம் உண்டு, ஏழை நாட்டின் வெற்றிக்கதை, கைதட்டு. ஆனால் நடந்தது அது இல்லை.

இலவசத்துக்கு ஆன செலவு

டிஷ்கள் இலவசம். கப்பல் கூலி இலவசம் இல்லை. அதிகமில்லை, சில நூறு பவுண்டுகள்தான், ஆனால் அந்நியச் செலாவணி. இந்தியத் தரப்பு, அனுப்பும் செலவையும் நீங்களே ஏற்க முடியுமா என்று கேட்டது. அவர்களோ, பொருளைக் கொடுத்தோம், எடுத்துப் போவது உங்கள் பொறுப்பு என்ற நிலையில் இருந்தார்கள். கடிதம் போனது, வந்தது. டெல்லிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்த ஸ்வரூப்புக்கு வேலை செய்யக் கருவி இல்லை. 1956-ல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். முதலில் டெக்சாஸில் ஹார்வர்டின் ரேடியோ நிலையம், பிறகு ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம்.

அவர் போன பிறகுதான் டிஷ்கள் டெல்லிக்கு வந்து சேர்ந்தன. ஆள் இருந்தபோது கருவி இல்லை. கருவி வந்தபோது ஆள் இல்லை. டிஷ்கள் சும்மா கிடந்தன.

1961 ஜூனில் கிருஷ்ணன் இறந்துபோனார். தான் சரி என்று பதில் எழுதிய அந்த 32 டிஷ்களில் ஒன்றுகூட இந்திய மண்ணிலிருந்து சூரியனைப் பார்ப்பதை அவர் பார்க்கவில்லை.

அதே வருடம் வெளிநாட்டில் இருந்த நான்கு இந்தியர்கள், ஸ்வரூப், டி.கே. மேனன், எம்.ஆர். குண்டு, டி. கிருஷ்ணன், சேர்ந்து ஒரு திட்டம் எழுதி இந்தியாவின் முக்கிய அறிவியல் தலைவர்களுக்கு அனுப்பினார்கள்: எங்களுக்கு இடம் கொடுத்தால் திரும்பி வந்து ரேடியோ வானியல் குழு அமைக்கிறோம். முழு மனதோடு பதில் சொன்னவர் ஹோமி பாபா. 1962 ஜனவரியில் தந்தி அடித்தார். 1963-ல் ஸ்வரூப் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். டெல்லியில் தூங்கிக்கொண்டிருந்த டிஷ்கள் அங்கிருந்து கிளம்பின.

பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாண். 24 டிஷ்கள் கிழக்கு மேற்காக 630 மீட்டருக்கு, 8 டிஷ்கள் வடக்கு தெற்காக 256 மீட்டருக்கு. 1965-ல் 610 மெகாஹெர்ட்ஸில் சூரியனைப் பார்க்க ஆரம்பித்தது. கேட்டதற்கும் கேட்கத் தொடங்கியதற்கும் நடுவில் பத்து வருடம்.

இந்தப் பத்து வருடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். "குறைந்த செலவு" என்று நாம் பெருமையாகச் சொல்லும் எதிலும் இப்படி ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது. சில நூறு பவுண்டுகளை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு விஞ்ஞானியின் ஏழு வருடத்தை அமெரிக்காவுக்குக் கொடுத்தோம். அவர் திரும்பி வந்தது நம் அதிர்ஷ்டம். திரும்பாமலும் போயிருக்கலாம், அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர். கருவி மலிவாக இருப்பது நல்லதுதான். ஆனால் கருவியும் ஆளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இந்தக் கதையில் உண்மையிலேயே அரிதாக இருந்தது டிஷ் இல்லை, அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆளும் அவரை விடாமல் பிடித்துவைக்கும் இடமும்தான்.

ஊட்டி: ஒன்பது கோபுரம்

கல்யாணில் பயிற்சி எடுத்த கை, அடுத்து ஊட்டியில் செய்தது இன்னொரு வகையான சிக்கனம். உலகத்தில் பெரிய ரேடியோ தொலைநோக்கிகளுக்கு எல்லாம் செலவு வைப்பது டிஷ்ஷை இரண்டு அச்சில் திருப்பும் இயந்திரம். ஸ்வரூப் யோசித்தார்: நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வடக்கு தெற்காகச் சாய்ந்த ஒரு மலைச்சரிவு, அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அதே கோணத்தில் சாய்ந்திருந்தால், அதன் மேல் படுக்கவைக்கும் உருளை பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும். அப்போது ஒரே ஒரு அச்சில் மெதுவாகச் சுழற்றினால் போதும், ஒரு நட்சத்திரத்தை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம்.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், சுமார் 11 டிகிரி சாய்வில் அப்படி ஒரு சரிவு கிடைத்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி என்று நமக்கு எல்லாம் தெரியும். அந்த மாதிரி ஒன்பது கோபுரங்களை வரிசையாகப் படுக்கவைத்தால் வரும் நீளம் இது. 24 பரவளையச் சட்டங்கள் மேல் 1100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள். தகடு போட்டிருந்தால் எடையும் தாங்காது, காற்றும் தாங்காது. அலைநீளம் ஏறக்குறைய 92 செ.மீ. என்பதால் கம்பிகளுக்கு நடுவில் இடைவெளி இருந்தாலும் அலைக்கு அது சுவர் மாதிரிதான். ராஜபாளையத்தில் கட்டியிருந்தால் சரிவு ஒன்பதரை டிகிரி வேண்டியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

1970-ல் வேலைக்கு வந்தது. நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தில் அலை எப்படிக் குறைகிறது என்று பார்த்து அந்த மூலத்தின் அளவைக் கணக்கிடுவது இதன் முக்கிய வேலை. அதிலும் ஒரு சிக்கனம் பாருங்க, நிலாவையே கருவியின் ஒரு பாகமாக ஆக்கிக்கொண்டார்கள். மங்கலான மூலங்கள் சராசரியாகக் கோண அளவில் சிறியவை என்று 1975-ல் வந்த ஊட்டி முடிவுகள், பிரபஞ்சம் காலத்தோடு மாறிவருகிறது என்பதற்குக் கூடுதல் சான்றாக நின்றன. பின்னாளில் புனே பக்கத்தில் 45 மீட்டர் டிஷ்கள் முப்பதை மெல்லிய கம்பி வலையால் கட்டிய பெரிய தொலைநோக்கிக்கும் இதே ஸ்வரூப்தான் மூளை. 2020 செப்டம்பரில் காலமானார்.

இப்போது நம்ம மொட்டை மாடியில்

ரீபர் தோட்டத்தில் செய்ததை, யூவன் ஜன்னலில் செய்ததை, இன்றைக்கு ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு மொட்டை மாடியில் செய்ய முடியுமா? முடியும். அதுவும் ஒரு நடுத்தர ஸ்மார்ட்ஃபோன் விலைக்குள்.

முதலில் செலவே இல்லாத ஒன்று. உங்கள் வீட்டு டிடிஎச் டிஷ் ஒரு ரேடியோ தொலைநோக்கி. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகலில் குறிப்பிட்ட சில நிமிடங்கள் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். கேபிள்காரர், டிடிஎச்காரர் யாரையும் திட்ட வேண்டாம். அப்போது சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனின் ரேடியோ இரைச்சலில் செயற்கைக்கோளின் குரல் அமுங்கிவிடுகிறது. பழைய டிஷ் ஒன்றும், டிஷ் மாட்ட வருபவர்கள் வைத்திருக்கும் சிக்னல் மீட்டர் ஒன்றும் இருந்தால், எந்த நாளிலும் டிஷ்ஷைச் சூரியன் பக்கம் மெதுவாகத் திருப்பிப் பார்க்கலாம். முள் ஏறும். விலக்கினால் இறங்கும். ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம்.

அடுத்தது ஹைட்ரஜன். 2012 வாக்கில் ஒரு விஷயம் வெளியே தெரிந்தது: கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காக விற்ற, கட்டைவிரல் அளவு யுஎஸ்பி டாங்கிள் ஒன்றின் சிப், டிவி மட்டுமில்லாமல் பரந்த அலைவரிசையில் எதையும் அப்படியே எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். மீதி எல்லாம் மென்பொருள். 1420 மெகாஹெர்ட்ஸ் அதன் எல்லைக்குள் வருகிறது. பர்செல் காலத்தில் ஒரு அறை நிறைய இருந்த ரிசீவர் இப்போது சில ஆயிரம் ரூபாய்.

ஆன்டெனாவுக்குத் தகர வேலை செய்பவர் ஒருவர் போதும். 16 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்தில் ஒரு பக்கம் மூடிய தகரப் பெட்டி. அதற்குள் ஐந்து செ.மீ. சொச்சம் நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பி, கால் அலைநீளம். பெட்டியின் வாயிலிருந்து விரிந்து போகும் கூம்பு, வாய் சுமார் 75 க்கு 60 செ.மீ. கூம்பைத் தெர்மாகோல் அட்டையில் செய்து அலுமினியத் தாள் ஒட்டினாலும் அலைக்கு வித்தியாசம் தெரியாது. கம்பியை ஒட்டியே, 1420-ஐ மட்டும் விடும் ஃபில்டரோடு கூடிய ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர். பிறகு டாங்கிள், லேப்டாப்.

கூம்பைத் தரையைப் பார்த்துப் பிடித்தால் இரைச்சல் கூடும். தரை என்பது சுமார் 300 கெல்வினில் இருக்கும் ஒரு அடுப்பு. வானத்தைப் பார்த்துத் திருப்பினால் குறையும். இந்த இரண்டு அளவையும் வைத்துக் கருவியின் சொந்த இரைச்சல் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். பிறகு பால்வீதி பக்கம் திருப்பிச் சில நிமிடங்கள் சராசரி எடுத்தால், 1420.4-க்குப் பக்கத்தில் ஒரு மேடு எழும்பும். அதுதான் ஹைட்ரஜன்.

நம்ம ஊருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அட்சரேகை ஒன்பதரை டிகிரி. திருவோணமும் திருவாதிரையும் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே போகும் நட்சத்திரங்கள். கூம்பை நேர் மேலே நிறுத்திவிட்டு நகராமல் இருந்தாலே போதும். திருவோணம் உச்சிக்கு வர முக்கால் மணி நேரம் இருக்கும்போது பால்வீதியின் ஒரு பகுதி கடந்து போகும். திருவாதிரை உச்சியைத் தாண்டி முக்கால் மணி நேரத்தில் இன்னொரு பகுதி கடக்கும். முதலாவது ஜூலை நடுவில் நள்ளிரவை ஒட்டி வரும், இரண்டாவது ஜனவரி தொடக்கத்தில். இரண்டு மேடும் ஒரே மாதிரி இருக்காது. திருவோணம் பக்கம் நாம் பால்வீதியின் உள்பக்கமாகப் பார்க்கிறோம். அங்கே வாயு நொடிக்கு எழுபது கி.மீ. வேகம் வரைக்கும் நம்மை விட்டு விலகி ஓடுகிறது, மேடு அகலமாகப் பரவும். திருவாதிரை பக்கம் வெளிப்பக்கம், மேடு ஒடுக்கமாக இருக்கும். ஒரு தகரக் கூம்பை வைத்துக்கொண்டு பால்வீதி சுழல்வதைப் பார்த்துவிட்டீர்கள்.

ஜூலையில் சாரல், மலை முழுக்க மேகம், கண்ணால் பார்க்கும் தொலைநோக்கிக்கு வேலையில்லை. ரேடியோவுக்கு அந்த மேகம் ஒரு பொருட்டே இல்லை. பால்வீதியின் மையமும் இங்கே உச்சத்தில் 51 டிகிரி உயரத்துக்கு வரும். ரீபருக்கு அது 19 டிகிரி உயரத்தில் அடிவானத்தை ஒட்டித்தான் போயிருக்கும்.

இரைச்சல்

ரீபருக்கு ஸ்பார்க் பிளக் என்றால் நமக்கு மில்லு. ராஜபாளையத்தைச் சுற்றி நூற்பாலைகள். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள், வீடுகளில் எல்இடி பல்ப், சார்ஜர், இன்வெர்ட்டர், எல்லாமே ரேடியோ குப்பையைக் கொட்டுகின்றன. கீழ் அலைவரிசைகளில் இது ரொம்ப மோசம். ஜான்ஸ்கி கேட்ட 20 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஊருக்குள் நிம்மதியாகக் கேட்பது கஷ்டம். அதற்கு மலையடிவாரத் தோப்புக்குத்தான் போகவேண்டும்.

1420 அப்படியில்லை. 1400 முதல் 1427 வரை எந்த நாட்டிலும் யாரும் ஒலிபரப்பக்கூடாது என்று சர்வதேச விதி உண்டு. ஹைட்ரஜனுக்காகவே ஒதுக்கி வைத்த பட்டை. ஊர் நடுவிலும் ஒரு புழுதி படியாத ஜன்னல் அது. பக்கத்து செல்போன் டவர் டாங்கிளைத் திணறடிக்காமல் இருக்கத்தான் ஃபில்டர். இன்னொரு யோசனையும் சொல்கிறேன். மின்வாரியம் மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் இல்லையா? எல்லோரும் எரிச்சலாகும் அந்த நாள்தான் நமக்குப் பண்டிகை. லேப்டாப்பில் பேட்டரி இருந்தால் போதும், ஊரே அமைதியாகிவிடும். அன்றைக்குச் சூரியனைப் பதிவு பண்ணலாம்.

இதையெல்லாம் செய்தால் புதிய கண்டுபிடிப்பு வருமா? வராது. யூவன் 1951-ல் கண்டுபிடித்ததை மறுபடியும் கண்டுபிடிப்போம், அவ்வளவுதான். ஆனால் பாட்ஸ் ஹில்லில் ஸ்வரூப்பும் பார்த்தசாரதியும் முதலில் செய்ததும் அடுத்தவர் கட்டிய டிஷ்களை வைத்து அடுத்தவருக்காகக் கணக்குப் போட்டதுதான். அங்கிருந்துதான் ஊட்டி வந்தது.

டாங்கிள் இன்றைக்கு ஆன்லைனில் இரண்டு நாளில் வீடு வந்து சேரும். கப்பல் கூலித் தகராறு இல்லை. பழைய டிஷ் ஆக்கர் கடையில் கிடைக்கும். ஆகவே கருவி இருக்கிறது. 1955-ல் இருந்த கேள்வி வேறு உருவத்தில் அப்படியே இருக்கிறது: கருவிக்குப் பக்கத்தில் உட்காரப் போகும் 15 வயதுப் பிள்ளையை யார் கண்டுபிடிப்பது, உன்னால் முடியும் செய் என்று அதற்கு யார் பதில் எழுதுவது? கிருஷ்ணன் டிஷ் எதுவும் கட்டவில்லை. சிட்னியில் பார்த்ததை வந்து சொன்னார், இரண்டு பேரை அனுப்பினார், ஒரு கடிதத்துக்குச் சரி என்று பதில் போட்டார். வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் இயற்பியல் வாத்தியார்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் யாராவது அவர்களில் ஒருவராக இருந்தால், வரும் மார்ச் 16-ஐ ஒட்டிய ஒரு பகலில் பிள்ளைகளை டிடிஎச் டிஷ் முன்னால் உட்கார வையுங்கள். படம் உடையும்போது அது ஏன் என்று கேளுங்கள்.